குறி தவறா மருந்து தேடிய பேரறிஞர் பால் எர்லிக்

முன்னுரை

நோயைக் கொல்ல வேண்டும். நோயாளியைக் காக்க வேண்டும். மருத்துவக் கலை தோன்றிய நாள் தொட்டு மருத்துவர் நெஞ்சை வருத்தி வந்த சிக்கல் இதுவேயாகும். நோயைக் கொல்லும் வலிமை வாய்ந்த மருந்து உடலையும் வாட்டுகின்றது. உடலை வாட்டாத மருந்தோ நோயை அசைப்பதில்லை. குறி தவறாத அம்பு போல நோயை மட்டும் சென்று தைக்கும் மருந்தொன்று கிட்டாதா என்று ஏங்காத மருத்துவர் இலர்.

இன்று புற்றுநோய் மருத்துவத்தில் இலக்குசார் மருந்துகள் பெருவழக்காகிவிட்டன. புற்றணுவில் மிகுந்தோ திரிந்தோ காணப்படும் ஒரு புரதத்தைக் குறியாகக் கொண்டு தாக்குவன அவை. இம்மருந்துகளின் வேரைத் தேடிச் செல்வோமாயின், ஜெர்மனி நாட்டின் பிராங்க்பர்ட் நகரில் சாயக் குப்பிகளுக்கும் சுண்டெலிக் கூண்டுகளுக்கும் இடையே வாழ்ந்த ஒருவரிடம் சென்று நிற்போம். அவரே பால் எர்லிக் ஆவார்.

குறி தவறா மருந்து என்னும் கனவை உலகிற்கு வழங்கியவர் எர்லிக் என்பதைப் பலரும் அறிவர். அம்மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் உயிர்களைத் தம் ஆய்வுக்கூடத்தில் முறையாக ஆராய்ந்த முன்னோடியும் அவரே என்பதை அறிந்தோர் சிலரே. கனவு கண்டவரே அக்கனவின் தடையையும் கண்டார், கண்டும் தளர்ந்தாரில்லை. இவ்விரண்டையும் ஒருசேர வைத்து அன்னாரின் வாழ்க்கையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், அந்நாளைய பிரஷ்ய அரசின் சைலீசியப் பகுதியைச் சேர்ந்த ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் இஸ்மார் எர்லிக். தாயார் ரோசா வைகர்ட். தாய்வழி உறவினரான கார்ல் வைகர்ட் எர்லிக்கைவிட ஒன்பது ஆண்டு மூத்தவர்; நோய்க்கூற்றியல் அறிஞர்; உடல் திசுக்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியின் கீழ்க் காணும் கலையில் வல்லவர். அவரிடமிருந்தே சாயத்தின்பால் நீங்காத காதல் எர்லிக்கைப் பற்றிக்கொண்டது.

பள்ளியில் எர்லிக் தலைசிறந்த மாணவராய் விளங்கினார் எனக் கூறுவதற்கில்லை. கணக்கும் இலத்தீனும் கைவந்தன. கட்டுரை வரைதல் கைவரவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் வாழ்க்கை ஒரு கனவு என்னும் பொருள் பற்றி எழுதப் பணித்தபொழுது, வாழ்க்கை என்பது உடலுள் நிகழும் ஒருவகை எரிதலே என்றும், கனவு என்பது மூளையில் தோன்றும் ஒளிர்வே என்றும் அவர் எழுதி வைத்தார். மொழியாசிரியர் அதற்கு நன்மதிப்பெண் வழங்கவில்லை. மொழித் துறையைச் சார்ந்த நாம் இந்நிகழ்ச்சியைப் புன்முறுவலோடு எண்ணிப் பார்க்கின்றோம். வாழ்வின் எந்நிகழ்ச்சியையும் வேதியியலாகவே காணும் கண் அவருக்கு அப்பொழுதே வாய்த்திருந்தது.

பின்னர்ப் பிரெஸ்லௌ, ஸ்ட்ராஸ்பர்க், பிரைபர்க், லைப்சிக் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கிய வால்டெயர், மாணவர் ஒருவரின் மேசை மட்டும் பல வண்ணக் கறைகளால் மூடப்பட்டிருப்பதைக் கண்டார். பாடத்திட்டத்தில் இல்லாத சாயமேற்றும் ஆய்வில் அம்மாணவர் தம்மை மறந்து ஈடுபட்டிருந்தார். பேராசிரியர் சினந்தாரில்லை, தம் வழியே செல்லுமாறு அவரை விட்டுவிட்டார். உயிரணுவினுள் சாயத்தை ஏற்று இழை இழையாகத் தோன்றும் உறுப்புகளுக்குக் குரோமோசோம் என 1888ஆம் ஆண்டு பெயர் சூட்டியவர் இவ்வால்டெயரே. நிறம் ஏற்கும் பொருள் என்பது அப்பெயரின் பொருளாகும். புற்றுநோயின் கதை பின்னாளில் அக்குரோமோசோமிலேயே வந்து நிற்கப் போகின்றது.

சாயம் காட்டிய வழி

நிலக்கரித் தாரிலிருந்து செயற்கைச் சாயங்கள் வடிக்கும் தொழில் ஜெர்மனியில் செழித்து வளர்ந்த காலம் அது. துணிக்காக ஆக்கப்பட்ட அச்சாயங்களை எர்லிக் உயிரணுவின்மீது சொரிந்து பார்த்தார். ஒரு சாயம் ஒருவகை அணுவை மட்டும் பற்றியது. பக்கத்தில் இருந்த அணுவைத் தீண்டாது விட்டது. பற்றுவதும் விடுவதும் ஏன் என்னும் வினாவே அவருடைய வாழ்நாள் வினாவாயிற்று. 1878ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த பட்ட ஆய்வேடும் சாயமேற்றுதலின் கொள்கையும் செயல்முறையும் பற்றியதேயாகும்.

அதே ஆண்டில் பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனையில் பேராசிரியர் ஃபிரெரிக்ஸ் என்பாரிடம் பணியில் அமர்ந்தார். ஆங்குக் குருதியின் வெள்ளணுக்களைச் சாயத்தால் வகை பிரித்தார். அதுவரை ஒன்றுபோல் தோன்றிய வெள்ளணுக்கள், இயோசின் சாயம் ஏற்பவை, நடுநிலைச் சாயம் ஏற்பவை, காரச் சாயம் ஏற்பவை எனப் பல இனங்களாகப் பிரிந்து நின்றன. இரத்தப் புற்றுநோயும் ஒன்றன்று, பல வகையினது என்று மருத்துவர் பிரித்தறியும் வழி இதனால் திறந்தது.

1882ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக அறிவித்த அவையில் எர்லிக்கும் இருந்தார். அன்றே அக்கிருமிக்குச் சாயமேற்றும் முறையைச் செம்மைப்படுத்த முற்பட்டு, விரைவில் வெற்றியும் கண்டார். சாயத்தை ஏற்றபின் அமிலத்தாலும் அதனை விடாத கிருமி அது எனக் காட்டிய அம்முறையின் வழிவந்த முறையே இன்றும் நம் நாட்டு மருத்துவமனைகளில் சளி ஆய்வுக்குப் பயன்படுகின்றது.

1883ஆம் ஆண்டு ஹெட்விக் பிங்கஸ் என்னும் அம்மையாரை மணந்தார். இரு பெண்மக்கள் பிறந்தனர். ஆயின் இன்பம் நீடிக்கவில்லை. ஃபிரெரிக்ஸ் 1885இல் மறைந்தபின் மருத்துவமனையில் ஆய்வுக்குரிய உரிமை சுருங்கியது. 1888இல் எர்லிக்கையே காசநோய் பற்றியது. உடல் தேறும் பொருட்டு எகிப்து நாட்டின் வறண்ட வெப்பத்தை நாடிச் சென்று, 1889ஆம் ஆண்டு நலம் பெற்றுத் திரும்பினார். திரும்பியவருக்கு வேலையில்லை. வாடகை அறையொன்றில் தம் செலவிலேயே ஆய்வுக்கூடம் அமைத்து உழைத்தார். பின்னர் இராபர்ட் காக் தம் நிறுவனத்தில் இடமளித்தார்.

1891ஆம் ஆண்டில் எர்லிக்கும் குட்மன் என்பாரும் மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை மலேரியா நோயாளர் இருவருக்கு அளித்து நலம் கண்டனர். நுண்ணோக்கியின் கீழ் மலேரியாக் கிருமியைப் பற்றிய சாயம், உடலினுள்ளும் அதனைத் தேடிப் பற்றுமன்றோ என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. சாயம் மருந்தாகிய முதற்படி இதுவாகும்.

பூட்டும் திறவுகோலும்

தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியா, குழந்தைகளைக் கொள்ளைகொண்ட காலத்தில், அந்நோய்க்கான நச்சுமுறிச் சீரத்தை பெரிங் என்னும் அறிஞர் ஆக்கினார். சீரத்தின் வலிமை குப்பிக்குக் குப்பி வேறுபட்டது. அதனை அளந்து ஒரு நிலைப்படுத்தும் முறையை வகுத்தவர் எர்லிக். 1896இல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில் சீர ஆய்வு நிறுவனத்தின் தலைவரானார். 1899இல் அந்நிறுவனம் பிராங்க்பர்ட் நகருக்கு விரிவடைந்து சென்றது. வாழ்நாளின் எஞ்சிய காலம் அவ்வூரிலேயே கழிந்தது.

1897ஆம் ஆண்டில் அவர் பக்கச் சங்கிலிக் கொள்கையை வெளியிட்டார். உயிரணுவின் மேற்புறத்தே பல்வகை வடிவுடைய பிடிமானங்கள் உள்ளன. ஒரு பூட்டில் அதற்குரிய திறவுகோலே பொருந்துதல் போல, நச்சுப்பொருள் தனக்குரிய பிடிமானத்தில் மட்டுமே பொருந்தித் தீங்கு செய்கின்றது. உடல் அப்பிடிமானங்களை மிகுதியாக ஆக்கிக் குருதியில் விடும்பொழுது அவையே எதிர்ப்பொருள்களாகி நச்சை எதிர்கொள்கின்றன என்பது கொள்கையின் சாரம். இதன் பல பகுதிகள் பின்னர்த் திருத்தம் பெற்றன. எனினும், இன்று ஏற்பி எனப்படும் கருத்து இங்கிருந்தே கிளைத்தது. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, எர்லிக்கிற்கும் உருசிய அறிஞர் மெக்னிகாவிற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

உடல் ஆக்கும் எதிர்ப்பொருள் தன் குறியை மட்டும் தாக்குவதைக் கண்ட எர்லிக், வேதியியலார் ஆக்கும் மருந்தும் ஏன் அவ்வாறு இருத்தலாகாது என்று எண்ணினார். எய்தவுடன் தானே குறியைத் தேடிச் செல்லும் தோட்டா பற்றிய ஜெர்மானிய நாட்டுப்புறக் கதை ஒன்றுண்டு. அக்கதையை நினைவூட்டும் மாயத் தோட்டா என்னும் பெயராலேயே தாம் விழைந்த மருந்தை அவர் குறித்தார்.

சுண்டெலியும் புற்றுநோயும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எர்லிக்கின் நிறுவனம் புற்றுநோய் ஆய்வையும் ஏற்றது. சுண்டெலியின் மார்பில் தோன்றிய கட்டியைச் சிறு துண்டாக்கி மற்றொரு சுண்டெலியிடம் பதித்தனர். அங்கே வளர்ந்ததை மூன்றாவதற்கு மாற்றினர். மாற்ற மாற்றக் கட்டியின் வேகம் மிகுந்தது. தோன்றிய எலி மாண்டபின்னும் கட்டியின் அணுக்கள் எலிவிட்டு எலி பாய்ந்து வாழ்ந்தன. அவ்வழிவந்த எர்லிக் புற்றணுக்கள் இன்றும் உலகின் பல ஆய்வுக்கூடங்களிலும் இந்திய ஆய்வுக்கூடங்களிலும் மருந்துச் சோதனைக்குப் பயன்படுகின்றன.

வேகம் குறைந்த கட்டியை முன்னரே பதித்துப் பிழைத்த எலியிடம், பின்னர் வேகம் மிக்க கட்டியும் வேர்கொள்ளாமை காணப்பட்டது. இதனைச் சிந்தித்த எர்லிக் 1909ஆம் ஆண்டில் ஒரு துணிவான கருத்தை வெளியிட்டார். நம் உடலில் நெறி பிறழ்ந்த அணுக்கள் அடிக்கடி தோன்றுகின்றன. உடலின் காப்பாற்றல் அவற்றை அடக்கி வைப்பதனாலேயே புற்றுநோய் இன்னும் பெருகாதிருக்கின்றது என்பதே அது. மெய்ப்பிக்கும் கருவிகள் அன்று இல்லை.

ஆயினும் புற்றணுவை மட்டும் தேடிச் சென்று கொல்லும் வேதிப்பொருள் எதுவும் அவர் கைக்கு எட்டவில்லை. காரணம் எளிது. கிருமி வெளியிலிருந்து வந்த பகை. அதன் அமைப்பு நம் அணுவின் அமைப்பினின்று பெரிதும் வேறானது. புற்றணுவோ நம் உடலிலேயே பிறந்த நம் அணு. அதற்கும் நல்லணுவிற்கும் உள்ள வேறுபாடு மிக நுண்ணியது. அவ்வேறுபாட்டைக் காணும் கண்ணை அறிவியல் அன்று பெற்றிருக்கவில்லை.

குறி விலகிய உயிர்கள்

1904ஆம் ஆண்டில் எர்லிக்கும் சப்பானிய அறிஞர் ஷிகாவும் டிரிப்பன் சிவப்பு என்னும் சாயத்தால் எலிகளின் டிரிப்பனசோம் நோயைத் தீர்த்துக் காட்டினர். ஆப்பிரிக்க உறக்கநோய்க்குக் காரணமான ஓரணு உயிரின் இனத்தைச் சார்ந்தவை இவ்வுயிர்கள். வெற்றி கண்ட இடத்திலேயே வியப்பும் காத்திருந்தது.

நோயுற்ற எலிக்குப் பாராஃபுக்சின் என்னும் மற்றொரு சாயத்தைக் குறைந்த அளவில் ஊட்டினர். குருதியில் இருந்த கிருமிகள் மறைந்தன. சில நாள்களில் மீண்டும் தோன்றின. மீண்டும் சாயம் ஊட்டினர், மறைந்தன, மீண்டும் வந்தன. இவ்வாறு பல முறை நிகழ்ந்தபின் ஒரு நாள் சாயம் ஊட்டியும் கிருமிகள் அசையவில்லை. அக்கிருமிகளை எடுத்து, சாயத்தையே கண்டறியாத புதிய எலியிடம் விட்டனர். ஆங்கும் அவை சாயத்திற்கு அடங்கவில்லை. தலைமுறை பல கடந்தும் அவ்வியல்பு மாறவில்லை. மருந்தை எதிர்க்கும் ஆற்றல் அவற்றின் மரபாகவே ஆகிவிட்டிருந்தது.

மற்றொருவர் இதனைத் தோல்வி எனக் கருதி மறைத்திருக்கக் கூடும். எர்லிக் அதனையே ஆய்வுப்பொருளாக்கினார். பாராஃபுக்சினை எதிர்க்கும் கிருமி, ஆர்சனிக் சேர்ந்த அட்டாக்சில் என்னும் மருந்துக்கு மடிந்தது. அட்டாக்சிலை எதிர்க்கும் கிருமி டிரிப்பன் சிவப்புக்கு மடிந்தது. ஆகவே மருந்துகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்க இயன்றது. ஒரு குடும்பத்து மருந்தை எதிர்க்கப் பழகிய கிருமி, அக்குடும்பத்தின் பிற மருந்துகளையும் பெரும்பாலும் எதிர்க்கின்றது. வேறு குடும்பத்து மருந்துக்கு வீழ்கின்றது. மருந்து பற்றும் பிடிமானத்தின் பற்றுத்திறன் குறைந்துபோவதே இதன் காரணம் என்று எர்லிக் விளக்கினார். உறக்கநோய்க் கிருமி ஆர்சனிக் மருந்தை உள்ளே கொண்டுசெல்லும் வாயிலை இழப்பதனால் அம்மருந்துக்குத் தப்புகின்றது என 1993ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டிற்று. பிடிமானம் பற்றிய அவர் கருத்து உண்மைக்கு அருகே சென்றிருந்தது என்பது இதனால் விளங்கும்.

இதிலிருந்து அவர் இரு படிப்பினைகளைப் பெற்றார். அரைகுறை அளவில் அளிக்கும் மருந்து நோயைத் தீர்ப்பதில்லை. நோய்க்குப் பயிற்சியே அளிக்கின்றது. எனவே தொடக்கத்திலேயே போதிய அளவில் தாக்குதல் வேண்டும். அடுத்து, ஒரே பிடிமானத்தை நம்பியிராமல் வெவ்வேறு பிடிமானங்களைப் பற்றும் மருந்துகளைச் சேர்த்துத் தாக்குதல் வேண்டும். கூட்டு மருத்துவம் என்னும் நெறியின் வித்து இதுவாகும்.

அறுநூற்று ஆறு

1906ஆம் ஆண்டில், மறைந்த வங்கியாளர் கியார்க் ஸ்பேயரின் துணைவியார் பிரான்சிஸ்கா ஸ்பேயர் வழங்கிய பெருங்கொடையால் கியார்க் ஸ்பேயர் இல்லம் என்னும் ஆய்வு நிலையம் எழுந்தது. அதன் தலைமையும் எர்லிக்கைச் சேர்ந்தது. அட்டாக்சில் கிருமியைக் கொன்றது. எனினும் நோயாளர் சிலரின் கண்ணொளியைப் பறித்தது. அதன் வேதி அமைப்பு பற்றி அதுவரை கொண்டிருந்த கருத்து பிழையென எர்லிக்கும் பெர்த்தைமும் 1907இல் காட்டினர். உண்மை அமைப்பு தெரிந்தபின் அதனை வேண்டியவாறு மாற்றியமைக்க வழி பிறந்தது. நூற்றுக்கணக்கான சேர்மங்கள் ஆக்கப்பட்டு எண்ணிடப்பட்டன.

அவற்றுள் 606 எனும் எண் பெற்ற சேர்மம் முதலில் பயனற்றதென ஒதுக்கப்பட்டது. 1909இல் சப்பானிலிருந்து வந்த ஹட்டா, மேகநோய் எனப்படும் சிபிலிஸ் பற்றிய முயல்களிடம் அதனை மீண்டும் சோதித்தார். புண்கள் ஆறின, கிருமிகள் மறைந்தன. 1910ஆம் ஆண்டு ஏப்ரலில் வீஸ்பாடன் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் வெற்றி அறிவிக்கப்பட்டது. விற்பனைக்கு வருமுன் ஏறத்தாழ 65,000 அளவு மருந்து, சோதித்தறியும் பொருட்டு மருத்துவர்க்கு விலையின்றி வழங்கப்பட்டது. சால்வர்சான் என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவியது. 1912இல் எளிதிற் கரையும் நியோசால்வர்சான் வந்தது.

இங்கும் நாம் ஓர் உண்மையை மறைத்தலாகாது. ஒரே ஊசியில் உடலின் கிருமி அனைத்தையும் துடைத்துவிடலாம் என எர்லிக் நம்பியிருந்தார். எஞ்சுவது ஒன்றும் இல்லையாயின் எதிர்ப்பாற்றல் வளரவும் இடமில்லையன்றோ? அந்நம்பிக்கை மேகநோயில் பலிக்கவில்லை. ஊசி பல முறை வேண்டியிருந்தது. நச்சுத்தன்மையால் தீங்குற்றோரும் இருந்தனர். பழிதூற்றியோரும் பலர். 1914ஆம் ஆண்டில் அப்பழி நீதிமன்றம் வரை சென்றது. தூற்றியவர் தண்டனை பெற்றார்.

அன்றாட வாழ்வில் எர்லிக் எளியவர். அவருடைய அறையில் நாற்காலியும் இருக்கையும் நூல்களாலும் ஏடுகளாலும் நிறைந்திருக்கும். வந்தவர் அமர இடமிராது. உதவியாளர் ஒவ்வொருவருக்கும் அன்றன்று செய்யவேண்டிய பணியை வண்ண அட்டைகளில் எழுதித் தருவது அவர் வழக்கம். சுருட்டுப் பெட்டி கைவிட்டு அகலாது. அப்பழக்கம் அவர் உடலுக்கு நன்மை செய்யவில்லை. முதல் உலகப்போர் மூண்டபின் உடலும் உள்ளமும் தளர்ந்து, 1915ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள் பாட் ஹோம்பர்க் நகரில் இயற்கை எய்தினார். பிராங்க்பர்ட் யூதர் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் யூதர் என்னும் ஒரே காரணத்தால் பிராங்க்பர்ட் நகரத் தெருவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. துணைவியார் ஹெட்விக் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. போர் முடிந்தபின் அவர் நடத்திய நிறுவனத்திற்கே பால் எர்லிக் நிறுவனம் எனப் பெயரிட்டனர். 2001 வரை வழங்கிய ஜெர்மானிய 200 மார்க்குப் பணத்தாளில் அவர் உருவம் இடம்பெற்றிருந்தது.

நூறாண்டு கடந்து பலித்த கனவு

எர்லிக் தேடிக் காணாத வேறுபாடு புற்றணுவில் கிடைத்ததா? கிடைத்தது. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், நாட்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோயாளரின் வெள்ளணுக்களில் இயல்பினும் குறுகிய குரோமோசோம் ஒன்று காணப்பட்டது. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் பகுதிகளை மாற்றிக்கொண்டதன் விளைவு அது என 1973இல் ஜேனட் ரௌலி அம்மையார் நிறுவினார். வால்டெயர் பெயரிட்ட உறுப்பில், எர்லிக் சாயத்தால் வகை பிரித்த வெள்ளணுவில், புற்றின் காரணம் இருந்தது. இரு மரபணுக்கள் ஒட்டிப் பிறந்த புதிய புரதம், பெருகுக என்னும் ஆணையை அணுவிற்கு ஓயாமல் பிறப்பித்துக் கொண்டிருந்தது. நல்ல அணுவில் அப்புரதம் இல்லை. அதனைச் செயலிழக்கச் செய்யும் இமாட்டினிப் என்னும் மாத்திரை 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மருந்தைத் தொடக்கத்திலேயே பெற்றோரைப் பத்தாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வில், பத்தாம் ஆண்டு முடிவில் நூற்றுக்கு 83 பேர் உயிருடன் இருந்தனர் எனக் கணக்கிடப்பட்டது. மாயத் தோட்டா குறியைத் தைத்தது.

எனினும் எர்லிக்கின் எலிக்கூண்டில் நிகழ்ந்தது இங்கும் நிகழ்ந்தது. மருந்து ஒப்புதல் பெற்ற அதே 2001ஆம் ஆண்டிலேயே, மருந்துக்கு அடங்காத நோயாளரின் அணுக்களை ஆராய்ந்தோர் காரணத்தைக் கண்டனர். அப்புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்னும் அமினோ அமிலம் இருந்த இடத்தில் ஐசோலியூசின் அமர்ந்துவிட்டது. மருந்து பற்றவேண்டிய பிடிமானம் மாறிவிட்டது. பிடிமானம் மாறுவதே எதிர்ப்பாற்றல் என்று எர்லிக் கூறியது, ஒற்றை அமினோ அமிலத்தின் அளவில் கண்கூடாயிற்று. 2006இல் டாசாட்டினிப் வந்தது. அதற்கும் இம்மாற்றம் அடங்கவில்லை. 2012இல் வந்த பொனாட்டினிப் அடக்கியது. 2021இல் வந்த அசிமினிப் அதே புரதத்தின் வேறோர் இடத்தைப் பற்றித் தாக்குகின்றது.

அணுக்கள் மருந்தைக் கண்டபின் மாறுகின்றனவா, முன்னரே மாறியவை பிழைக்கின்றனவா என்னும் வினாவும் எழும். 1943இல் லூரியாவும் டெல்புருக்கும் நுண்ணுயிர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு, மாறியவை முன்னரே உள்ளன எனக் காட்டிற்று. ஒரு செண்டிமீட்டர் அளவுள்ள கட்டியில் ஏறத்தாழ 100 கோடி அணுக்கள் உள்ளன. அணு பிளவுறுந்தோறும் மரபணுவைப் படியெடுப்பதில் சிறு பிழைகள் நேர்கின்றன. ஆகவே, மருந்து உடலுள் நுழையும் முன்பே, அதற்கு அடங்காத சில அணுக்கள் கூட்டத்தில் ஒளிந்திருத்தல் கூடும். மருந்து ஏனையவற்றைக் கொன்று, இவற்றிற்கு இடமளித்து விடுகின்றது. எல்லா எதிர்ப்பும் இவ்வழியே வருவதன்று எனினும் பெரும்பகுதி இவ்வழியே வருகின்றது.

எர்லிக் காட்டிய கூட்டு மருத்துவமே இதற்கு விடையாகத் தொடர்ந்து வருகின்றது. குழந்தைகளின் தீவிர இரத்தப் புற்றுநோயை ஒற்றை மருந்தால் சில திங்கள் மட்டுமே அடக்க முடிந்தது; 1960களில் பல மருந்துகளைச் சேர்த்தளித்தபின்னரே முற்றும் தீர்க்க இயன்றது. எதிர்ப்பொருளையே மருந்தாக்கிய ரிடுக்சிமாப் 1997இலும், மார்பகப் புற்றுக்கான டிராஸ்டுசுமாப் 1998இலும் வந்தன. உடலின் காப்பாற்றல் புற்றை அடக்குகின்றது என்னும் 1909ஆம் ஆண்டுக் கருத்தும் வீண்போகவில்லை. அக்காப்பாற்றலின் தடையை நீக்கும் மருத்துவத்திற்கு வழிகண்ட அலிசனுக்கும் ஹோன்ஜோவிற்கும் 2018ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

நம் மண்ணிற்கும் இக்கதையில் பங்குண்டு. எர்லிக் வழக்கிற்குக் கொணர்ந்த வேதிமருத்துவம் என்னும் பொருள்படும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய காசநோய் ஆய்வு மையம் 1956இல் சென்னையில் தொடங்கப்பட்டது. கூட்டு மருந்தை வீட்டிலிருந்தே உட்கொண்டு நோய் தீரலாம் என உலகிற்குக் காட்டியது. இமாட்டினிப் மருந்திற்கான காப்புரிமை வழக்கும் சென்னையிலேயே தொடங்கியது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் உச்சநீதிமன்றம் அம்மறுப்பை உறுதி செய்தது. மாதம் ஏறத்தாழ ரூ.1,20,000 விலையுள்ள மருந்து, உள்நாட்டு உற்பத்தியில் ரூ.10,000க்குள் கிடைத்து வந்த நிலை இதனால் காக்கப்பட்டது. எட்டாத விலையுள்ள மருந்தை ஏழை நோயாளர் விட்டுவிட்டு உட்கொள்வர். விட்டுவிட்டு உட்கொள்ளும் மருந்து எதிர்ப்பாற்றலுக்கு வழிகோலும். எனவே விலை என்பதும் மருத்துவத்தின் ஒரு பகுதியேயாகும்.

நிறைவுரை

எர்லிக்கின் எலிக்கூண்டு கற்பித்த பாடம் ஆய்வாளர்க்கு மட்டும் உரியதன்று. ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியது. 2010ஆம் ஆண்டு வெளியான இலண்டன் ஆய்வொன்று, இமாட்டினிப் மாத்திரையில் பத்தில் ஒன்றுக்கு மேல் தவறவிட்டோரிடம் நோய் ஆழ்ந்து அடங்குதல் மிகவும் அரிதாயிருந்ததைக் காட்டிற்று. குருதி ஆய்வில் எண்ணிக்கை சீராகிவிட்டது, உடல் தெம்பாக உள்ளது, இனி மருந்து எதற்கு என்று எண்ணி மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவோர் நம் உற்றார் உறவினருள்ளும் உளர். மறைந்தது போல் தோன்றுவது முற்றும் மறைந்ததாகாது என்பதை அவர்க்கு எடுத்துரைக்கும் கடமை கற்ற நமக்கு உண்டு. மருந்தை நிறுத்தும் நாளை மருத்துவரே ஆய்ந்து குறித்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்கள் இவ்வாழ்க்கையிலிருந்து வேறொன்றும் கற்கலாம். எர்லிக் தாம் எதிர்பார்த்தது நிகழாதபொழுது வருந்தி அமர்ந்துவிடவில்லை. சாயத்திற்கு அடங்காத கிருமியைப் பகையாக மட்டும் காணாமல் ஆசானாகவும் கொண்டார். அதனையே கருவியாக்கி மருந்துகளை வகைப்படுத்தினார். அவர் தேடிய மாயத் தோட்டாக்கள் பல இன்று நம் கையில் உள்ளன. அவற்றினின்று விலகும் குறிகளும் நம் கண்முன் உள்ளன. இவ்விரண்டையும் நேர்மையோடு நோக்கும் இளைஞர் நம் கல்லூரியிலிருந்தும் எழுவாராயின், அதுவே பால் எர்லிக் என்னும் பேரறிஞருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றியாகும்.